இணையப் பக்கம் எழுதக் கற்ற சென்னை!

"உங்கள் பிள்ளைக்கு வெப்சைட் கட்டத் தெரியுமா?"

கோடை விடுமுறை வந்தால் போதும். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இப்படி ஒரு துண்டு நோட்டீசு வாசலில் வந்து விழும்.

அப்பா அதைப் படிக்கிறார். கட்டணத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார்.

"எதற்கு இந்தச் செலவு? இப்போது கம்ப்யூட்டரிடம் சொன்னால் அதுவே எழுதித் தருகிறதாமே!" என்கிறார்.

"எதிர் வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டானே!" என்கிறார் அம்மா.

யார் சொல்வது சரி?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், சுமார் 30 வருஷம் பின்னால் போக வேண்டும். சென்னைக்காரர்கள் முதன்முதலில் இந்தக் கலையை எப்படிக் கற்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

சுதந்திர நாளில் வந்தது

1995–ம் வருஷம் ஆகஸ்டு 15–ந் தேதி. அன்றுதான் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. வி.எஸ்.என்.எல். என்ற அரசாங்க நிறுவனம் அதைக் கொண்டு வந்தது. முதலில் இணைப்புப் பெற்ற பெரிய நகரங்களில் சென்னையும் ஒன்று. அப்போது ஆங்கிலத்தில் "மெட்ராஸ்" என்றே எழுதினார்கள். அந்தப் பெயர் மாறியது 1996–ல்தான்.

அதற்கு முன்பே கிண்டி ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் வலை இருந்தது. 1986–ல் தொடங்கிய "எர்நெட்" திட்டத்தில் சேர்ந்த 8 நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. ஆனால் அது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும். மதில் சுவருக்கு வெளியே இருந்த நமக்கு அது எட்டாக் கனி!

பொதுமக்களுக்கு வந்த இணைப்பு மலிவாக இருந்ததா? இல்லை. படத்தோடு பார்க்கும் இணைப்புக்கு 15 ஆயிரம் ரூபாய். மாணவர்களுக்கு மட்டும் 500 ரூபாயில் ஒரு கணக்கு. ஆனால் அதில் படம் வராது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான் ஓடும்.

அந்தக் காலத்து இணைப்பு, வீட்டு டெலிபோன் வழியாக வந்தது. "மோடம்" என்ற சிறு பெட்டி "கீச்... கிர்ர்..." என்று கத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பையன் இன்டர்நெட்டில் உட்கார்ந்தால், ஊரிலிருந்து அத்தை போன் செய்தாலும் மணி அடிக்காது. எத்தனையோ வீடுகளில் இதனால் சண்டை! மாதக் கடைசியில் டெலிபோன் பில் வந்ததும் இன்னொரு சண்டை!

ஆகவே, நள்ளிரவுக்கு மேல் வீடு தூங்கிய பிறகு உட்கார்ந்து கற்றவர்கள் பலர்.

அச்சுக்கூடத்து வித்தை

அவர்கள் கற்றது எதை? "எச்.டி.எம்.எல்." என்பதை.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விஷயம் மிகவும் எளியது.

பழைய அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். நிருபர் செய்தி எழுதிக் கொடுப்பார். உதவி ஆசிரியர் அதன் ஓரத்தில் குறி போடுவார். "இது தலைப்பு, பெரிய எழுத்து." "இது புதுப் பாரா." "இது தடித்த எழுத்து." எழுத்துக் கோக்கிறவர் அந்தக் குறியைப் பார்த்துக் கோப்பார். குறிகள் பத்திரிகையில் வராது. அவற்றின் பலன்தான் வரும்.

எச்.டி.எம்.எல்.லும் அப்படித்தான். கூரான இரண்டு அடைப்புகளுக்குள் ஒரு குறி எழுத வேண்டும். "தலைப்பு தொடங்குகிறது" என்பதற்கு ஒரு குறி. "தலைப்பு முடிகிறது" என்பதற்குச் சாய்கோடு போட்ட இன்னொரு குறி. நடுவில் உங்கள் எழுத்து. கம்ப்யூட்டர்தான் எழுத்துக் கோக்கிறவர்!

இதில் ஒரு குறிதான் உலகத்தையே மாற்றியது. அதன் பெயர் "ஏ". ஆங்கிலத்தில் நங்கூரம் என்ற சொல்லின் முதல் எழுத்து. அந்தக் குறிக்குள் இருக்கும் சொல்லைத் தொட்டால் போதும். வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கும் இன்னொரு பக்கம் உங்கள் முன் வந்து நிற்கும்!

இதைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர். அவருடைய தாய், தந்தை இருவருமே கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள். சுவிட்சர்லாந்தில் ஜெனிவா நகரத்துக்கு அருகே உள்ள "செர்ன்" என்ற அணு ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் இருந்தார். 1989–ல் திட்டம் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் இணையப் பக்கம் தயாராகிவிட்டது. 1991–ல் குறிகளின் பட்டியலை அவர் வெளியிட்டபோது, மொத்தக் குறிகள் 18 தான்! இன்று நூற்றுக்கு மேல்.

1993 ஏப்ரல் 30–ந் தேதி செர்ன் ஓர் அறிவிப்புச் செய்தது. "இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். காசு வேண்டாம்" என்பதே அந்த அறிவிப்பு. அன்று காசு கேட்டிருந்தால், மயிலாப்பூர்ப் பையன் கையில் இது வந்திருக்குமா?

மூடியைத் திறந்து பார்!

வாத்தியார் யார்? புத்தகம் எது?

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து மையம் ஒன்று தொடக்கப் பாடம் ஒன்றை இன்டர்நெட்டில் போட்டிருந்தது. அதை அச்செடுத்து, ஜெராக்ஸ் போட்டுப் படித்தார்கள்.

ஆனால் பெரிய வாத்தியார் வேறு. ஒவ்வொரு இணையப் பக்கமும் தானே வாத்தியார்!

எப்படி? எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், "இதன் மூலத்தைக் காட்டு" என்று கேட்கலாம். உடனே உள்ளே உள்ள குறிகள் எல்லாம் தெரிந்துவிடும். ஓட்டலில் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "இதில் என்ன போட்டீர்கள்?" என்று கேட்டால் சொல்வார்களா? இங்கே சொன்னார்கள்!

தையல் கற்கிறவர் ஒரு பழைய ரவிக்கையைப் பிரித்துப் பார்ப்பார். எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று புரிந்துகொள்வார். அதேபோலத்தான் இவர்களும் கற்றார்கள். பிடித்த பக்கத்தைப் பிளாப்பி வட்டில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். "நோட்பேடில்" திறப்பார்கள். ஒரு வரியை மாற்றுவார்கள். என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். கெட்டுப்போனால் திரும்ப மாற்றுவார்கள்.

பிளாப்பி வட்டு கொண்டது 1.44 மெகாபைட். இன்று கைப்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் அடங்காது!

டைப் கூடம் மாறியது

1990–களின் பிற்பகுதியில் ஊரே மாறத் தொடங்கியது. டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்த கூடங்களில் பல, கம்ப்யூட்டர் கூடங்கள் ஆயின. என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், சென்னையிலேயே பிறந்த எஸ்.எஸ்.ஐ. ஆகிய பள்ளிகளின் பலகைகள் தெருவுக்குத் தெரு தெரிந்தன. எஸ்.எஸ்.ஐ.யை நடத்திய கல்பாத்தி சகோதரர்கள்தான் பிற்காலத்தில் ஏ.ஜி.எஸ். என்ற பெயரில் சினிமாப் படம் எடுத்தார்கள்!

கம்ப்யூட்டர் சாமான்கள் வாங்க மவுண்ட்ரோடு பக்கம் ரிச்சி தெரு. பழைய புத்தகம் வாங்க மயிலாப்பூர் லஸ் நடைபாதை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு "பிரவுசிங் சென்டர்". முதலில் மணிக்கு ஐம்பது, அறுபது ரூபாய் கேட்டார்கள். போட்டி வந்ததும் இருபது, பத்து என்று இறங்கியது. கையில் காகிதத்தோடு போவார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். நேரம் என்றால் காசு அல்லவா?

ரூ.499 கோடி!

1998–ல் தனியாரும் இன்டர்நெட் தரலாம் என்று அனுமதி வந்தது. முதலில் வந்தது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே.

அந்த நிறுவனம் 1999 நவம்பரில் ஒரு வியாபாரம் பேசியது. பம்பாய்க்காரரான ராஜேஷ் ஜெயின் நடத்திய "இந்தியா வேர்ல்டு" என்ற இணையத் தளங்களை வாங்கியது. விலை 499 கோடி ரூபாய்!

செய்தியைப் படித்த பெற்றோர்கள் மலைத்துப் போனார்கள். "வெப்சைட் கட்டினால் கோடீசுவரன் ஆகலாம்" என்ற எண்ணம் பரவியது. நகையை அடகு வைத்துக்கூடச் சிலர் வகுப்புக்குப் பணம் கட்டினார்கள்.

ஆனால் 2000–ம் வருஷம் மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்கப் பங்குச் சந்தையில் இணையக் கம்பெனிகளின் விலை சரிந்தது. வேலைகள் குறைந்தன. பயிற்சிக் கூடங்கள் பல மூடப்பட்டன.

அப்போது தடுமாறியவர்கள் யார்? சான்றிதழை மட்டும் வாங்கி வைத்திருந்தவர்கள். தப்பியவர்கள் யார்? உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டவர்கள். அவர்கள் அடுத்த வித்தையைத் தாமே கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் எப்படி ஏறியது?

இன்னொரு தொல்லையும் இருந்தது. எச்.டி.எம்.எல். எழுதலாம், ஆனால் தமிழில் எழுத முடியுமா?

கம்ப்யூட்டர் ஆங்கில எழுத்துக்குப் பிறந்தது. எனவே, ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஏமாற்றினார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் ஓர் எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? "மயிலை"!

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை ஓர் இணையப் பக்கத்தில் வெளியிட்டார்கள். அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழையும் ஏற்றியவர் நா. கோவிந்தசாமி.

ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு மாதிரி. ஒரு பக்கத்தில் அழகாகத் தெரியும் தமிழ், இன்னொரு கம்ப்யூட்டரில் பூச்சி ஊர்ந்தது போலத் தெரியும். இதைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடியது. "தமிழ் 99" விசைப்பலகை அதன் பலன். பிறகு உலகம் முழுவதற்கும் பொதுவான "யுனிகோடு" பரவியது. தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்த எண்கள் கிடைத்தன. இன்று பாட்டிகூடக் கைப்போனில் தமிழில் எழுதுகிறாரே, அதற்குக் காரணம் இதுதான்.

வாடகை வீடு

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்.

இன்று சிறு கடைக்காரர்கள் பலர் பக்கம் கட்டுவதில்லை. பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறார்கள். காசும் இல்லை, கஷ்டமும் இல்லை.

ஆனால் அது வாடகை வீடு! வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் என்ன செய்வது?

இது வீண் பயம் அல்ல, நடந்திருக்கிறது. "ஜியோசிட்டீஸ்" என்ற தளம் இலவசமாக இடம் கொடுத்தது. உலகம் எங்கும் இளைஞர்கள் முதல் பக்கத்தை அங்கேதான் கட்டினார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. "ஆர்க்குட்" 2014–ல் போயிற்று. "கூகுள் பிளஸ்" 2019–ல் போயிற்று. 2020 ஜூன் 29–ந் தேதி "டிக்டாக்" இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதை நம்பிப் பிழைத்தவர்கள் ஓர் இரவில் கடையை இழந்தார்கள்!

சொந்தப் பக்கம் சொந்த வீடு. இடம் பிடிக்காவிட்டால், பெயரோடு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம்.

அந்த வீட்டை இன்று எந்திரமே கட்டித் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் வீடு கட்டும்போது நாம் கல் அடுக்குவது இல்லை, மேஸ்திரிதான் அடுக்குகிறார். அதற்காக சிமெண்டு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கேட்காமல் இருப்போமா? எந்திரம் எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டால், அதில் பிழை இருந்தாலும் தெரியாது. கடையின் போன் நம்பர் மாறினால், ஒரே ஒரு வரியை மாற்ற இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: வெப்சைட்டின் பெயரை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். கட்டிக்கொடுப்பவர் பெயரில் பதிவானால், பட்டா அவரிடம், குடக்கூலி உங்களுக்கு! வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது.

செலவு இல்லாத பள்ளிக்கூடம்

கற்க எவ்வளவு செலவாகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

தமிழ்நாடு அரசின் 11–ம் வகுப்பு "கணினிப் பயன்பாடுகள்" பாடநூலில் எச்.டி.எம்.எல். பாடம் தமிழிலேயே இருக்கிறது. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம், 2001–ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதிலிருந்து தமிழ்ப் பாடங்களை இன்டர்நெட்டில் வைத்து வருகிறது. நோட்பேடு விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் உண்டு. பக்கங்களின் மூடியை இன்றும் திறந்து பார்க்கலாம். ஆனால் இப்போதைய பெரிய தளங்களின் உள்ளே எந்திரம் எழுதிய சிக்கல் அதிகம். ஆகவே சின்னப் பக்கமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும்.

ஆக, அப்பா சொன்னதும் சரி. அம்மா சொன்னதும் சரி. முதல் படிக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் பிள்ளை கற்காமல் இருக்கவும் வேண்டாம். முதலில் ஒரு வாரம் வீட்டிலேயே எழுதட்டும். ஆசை வளர்ந்தால், அப்புறம் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம்.

முதல் பக்கத்தில் என்ன எழுதுவது? பாட்டியின் அடை செய்முறையை எழுதச் சொல்லுங்கள். தலைப்புக்கு ஒரு குறி. சாமான்களுக்கு ஒரு பட்டியல். அடியில் பாட்டியின் பெயர்.

திரையில் தன் பெயரைப் பார்த்ததும் பாட்டி முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதுவே பிள்ளைக்கு முதல் சான்றிதழ்!