நிழல் விழுமா, விழாதா?

டைட்டானிக் கப்பலை 1985-ல் கடலடியில் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபர்ட் பல்லார்டுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. எழுதியது பள்ளிக்கூடப் பிள்ளைகள். எப்படிக் கண்டுபிடித்தார், அடுத்த தடவை தாங்களும் கூட வரலாமா என்று. நீர்மூழ்கியில் மூன்று பேர் உட்கார்ந்தாலே முட்டி இடிக்கும். மனிதர் யோசித்தார். 1989-ல் 'ஜேசன் புராஜெக்ட்' என்று ஆரம்பித்து, மத்தியதரைக் கடலுக்கு அடியில் ரோபோ பார்த்ததையெல்லாம் சாட்டிலைட் வழியாக, அங்கே மியூசியங்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நேரடியாகக் காட்டினார். நாற்காலியை விட்டு எழாமல் சுற்றுலா போகிற சமாசாரத்துக்கு இவரைத் தாத்தா என்று சொல்லலாம்.

பேரப்பிள்ளைகள் ஏராளம். கூகுள் 2015-ல் 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்று கொண்டுவந்தது. அட்டைப்பெட்டிக் கண்ணாடிக்குள் செல்போனைச் சொருகிப் பார்த்தால் வகுப்பறையிலேயே கடல் தெரியும், மலை தெரியும். 2021-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். படங்கள் பெரும்பாலும் வேறு இடத்துக்குக் குடிபோயின. ஆனாலும் அதை நம்பிப் பாடம் தயாரித்து வைத்திருந்த டீச்சர்களின் கதி, வாடகை வீட்டுக்கு மார்பிள் போட்டவன் கதிதான்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் பி.காம். படித்தவனுக்கு எதற்கு என்கிறீர்களா? விருதுநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் என் பெரியப்பா மகள் டீச்சர். ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல். சோழர் பாடம் நடத்தினாள். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு எக்ஸ்கர்ஷன், தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று அறிவித்தார்கள். வகுப்பில் 38 பேர். பெயர் கொடுத்தது 15.

"மிச்சம் 23 பேருக்கு என்னடா பண்றது? நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே கிடக்கியே, ஒரு வழி சொல்லு" என்று போன்.

அவளே ஒரு தடவை முயற்சி செய்துவிட்டாள். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. கோயிலின் 360 டிகிரி படத்தைத் திறந்துவிட்டு, "பாருங்க பிள்ளைகளா" என்றாளாம். மவுஸைப் பம்பரமாகச் சுற்றினார்கள். நாலாவது நிமிஷம் ராஜராஜன் காலி. அஞ்சாவது நிமிஷம் ஒருத்தன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டிருக்கிறான்.

"அக்கா, என்ன பார்க்கணும்னு சொன்னியா?"

"கோயிலைத்தான்."

அங்கேதான் கோளாறு. 1995-லேயே சான் டியேகோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பெர்னி டாட்ஜ் என்ற பேராசிரியர் இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார். பெயர் 'வெப்க்வெஸ்ட்'. எந்தெந்தப் பக்கம் பார்ப்பது என்று வாத்தியார் முன்கூட்டியே பொறுக்கி வைக்க வேண்டும். பையன்களுக்கு ஆளுக்கொரு வேலை. கடைசியில் கையில் ஏதாவது ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். நம் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் "இந்த ஃபைலைப் பாருங்க" என்றால் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டேதான் இருப்போம். "நாலு மணிக்குள்ள இந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கின்னு சொல்லுங்க" என்றால்தான் ஃபைல் புரளும்.

1010-ல் கட்டி முடித்த கோயில். விமானம் 216 அடி என்கிறார்கள். அதன் நிழல் தரையில் விழாது என்று என் தாத்தா முதல் வாட்ஸ்அப் வரை எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். அதையே கேள்வியாக வைத்தோம்: விழுமா, விழாதா?

இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருத்தர் மவுஸ், ஒருத்தர் நோட்டு. பத்து நிமிஷத்தில் மாற வேண்டும். ஒரு கோஷ்டிக்கு வானத்திலிருந்து எடுத்த சாட்டிலைட் படங்கள். வருஷம் வருஷமாகப் பின்னோக்கிப் புரட்டலாம். இன்னொரு கோஷ்டிக்குக் காலையிலும் சாயங்காலமும் எடுத்த போட்டோக்கள். மூன்றாவது கோஷ்டிக்கு கம்ப்யூட்டரே கிடையாது. அட்டையில் செங்குத்தாக ஒரு கோபுரம், ஒரு டார்ச் லைட். நெட் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாதாகையால் எல்லாப் படத்தையும் முதல் நாளே பென் டிரைவில் ஏற்றி வைத்தாள். (வி.ஆர். கண்ணாடி விற்க ஒருவர் ஹெட்மாஸ்டரிடம் வந்தாராம். அதை மாட்டிக்கொண்டால் நோட்டில் எப்படி எழுதுவது என்று அக்கா கேட்டதும் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.)

நாற்பது நிமிஷம் யாரும் ஸ்கோர் கேட்கவில்லை. சாட்டிலைட் படத்தில் நிழல் தரையில் சாவகாசமாகப் படுத்திருந்தது. அப்படியானால் இத்தனை பேர் ஏன் விழாது என்கிறார்கள்? அதற்கு டார்ச் கோஷ்டி பதில் வைத்திருந்தது. டார்ச்சை உச்சிக்கு மேலே பிடித்தால் நிழல் கோபுரத்தின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது, சாய்த்தால் தரைக்கு இறங்குகிறது. உச்சி வெயிலில் பார்த்துவிட்டுப் போன யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்! டூரிஸ்டுகளுக்கு ஐந்து வரியில் அறிவிப்பு எழுதச் சொன்னாள். ஒரு பையன் ஆறாவது வரியும் எழுதியிருந்தான்: 'நம்பாதவர்கள் சாயங்காலம் வரை இருந்து பார்க்கவும்.'

எக்ஸ்கர்ஷனில் போனால் இவ்வளவு பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான். நான் ஸ்கூலில் போனபோது கோயிலுக்குள் இருபது நிமிஷம். அதில் பத்து நிமிஷம் பி.டி. மாஸ்டர் தலை எண்ணினார். ஆனால் இதைச் சாக்காக வைத்து, 'அதான் கம்ப்யூட்டரில் பார்த்தாச்சே' என்று பஸ்ஸை நிறுத்தக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம் உண்டு. செலவைக் குறைக்க நல்ல காரணம் கிடைத்தால் எந்தக் கமிட்டியும் விடாது.

வகுப்பு முடிந்து மெஷினை அணைக்கும்போது, பெயர் கொடுக்காத ஒரு பெண் கேட்டதாம்: "டீச்சர், அந்தக் கல்லு தொட்டா சுடுமா?"

அக்கா இப்போது ஹெட்மாஸ்டர் மேஜைக்கும் வேன் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். 38 பேருக்கு ரேட் கேட்டிருக்கிறாள். வேன்காரர் டீசல் விலை சொல்கிறார். என் பங்கு எவ்வளவு என்று நேற்று எனக்கும் போன் வந்தது.