வெறுங்கையோடு திரும்புபவன்

வில்லால் வேட்டையாடுவது கொடுமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது வில்லைவிட அவசரத்தைத்தான் குறை சொல்வேன்.

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் மானுக்கு வில் வேட்டைக் காலம் செப்டம்பர். இணைசேரும் பருவம் அது. ஆண் மான் கத்தும் சத்தத்தை வைத்து மலையேறி, சுமார் 40 மீட்டருக்குள் நெருங்க வேண்டும். காற்று திரும்பினால் மோப்பம் பிடித்து ஓடிவிடும். பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

அதற்கு மனம் வராதபோதுதான் ஆபத்து. அம்பு பட்ட மான் இரத்தம் வடிந்துதான் சாகும்; குறி தவறினால் காயத்தோடு அலையும். வில் விற்பனை மீதான 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறதே என்பார்கள். உண்மைதான். அதற்காக அவசர அம்பை மன்னித்துவிடலாமா?

என்னைக் கேட்டால், கடைசி நாளிலும் சந்தேகம் வந்தால் நாணைத் தளர்த்துபவனே நல்ல வேட்டைக்காரன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?