மறைத்து வைத்த எண்ணுக்கு மாத வாடகை

வீட்டுத் தொலைபேசிக்குக் ‘காலர் ஐடி’ இலவசம் என்று அறிவிக்கப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. நம் வாசற்கதவைத் தட்டுகிறவன் யாரென்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள நகராட்சி நமக்கு இலவச அனுமதி வழங்கினால் நன்றி சொல்வோமா, சிரிப்போமா? தரைவழித் தொலைபேசி விஷயத்தில் நாம் நன்றிதான் சொன்னோம். அதற்கு முன் பல ஆண்டுகள், மாத வாடகையோடு அந்தச் சன்னலுக்கும் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

பழைய ஸ்ட்ரோஜர் இயந்திரங்கள் கடகடத்துக்கொண்டிருந்த காலத்தை விட்டுவிடலாம். அழைப்பவரின் எண்ணை மறுமுனைக்குச் சொல்லும் திறன் அவற்றுக்கு இல்லை. இல்லாததைத் தரவில்லை என்று எவரையும் குற்றம் சொல்ல முடியாது. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் கருவிகளும் பிற மின்னணு இணைப்பகங்களும் பரவிய பிறகு நிலைமை வேறு. அழைப்பவரின் எண் ஓர் இணைப்பகத்திலிருந்து மற்றோர் இணைப்பகத்துக்கு அழைப்போடு சேர்ந்தே பயணம் செய்யத் தொடங்கிவிட்டது. தில்லை நகரிலிருந்து ஒருவர் ஸ்ரீரங்கத்துக்குப் பேசினால், அவருடைய எண் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் இணைப்பகம் வரை வந்து நிற்கும். அங்கிருந்து வீடு வரையுள்ள செப்புக்கம்பியில்தான் அது தடுக்கப்பட்டது. எண்ணை அனுப்ப வேண்டிய இடைவெளியோ கண்ணிமைக்கும் நேரம்: ஒரு முறையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவிலுள்ள மௌனத்தில் சில இலக்கங்கள், இன்னொரு முறையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே, எண் பொத்தான்களை அழுத்தும்போது நாம் கேட்கும் அதே ஒலிகளாக. கையில் இருந்ததை மறைத்து வைத்துவிட்டு, மறைப்பை விலக்கக் காசு கேட்ட வியாபாரம் இது.

இதை வியாபாரத் தந்திரம் என்று கடந்துபோகச் சொல்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். செல்பேசி வந்த புதிதில், நம்மை ஒருவர் அழைத்தாலும் நாம்தான் காசு கொடுத்தோம். 2003 மே மாதத்தில் அந்த முறை ஒழிந்தது. இன்று ஓர் இளைஞரிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார். யார் கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ள வாடகை வாங்கியதும் அதே ரகம்தான். ஆனால் அதற்கு எதிராக யாரும் பெரிதாகக் குரல் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. தரைவழித் தொலைபேசியை வைத்திருந்தவர்களில் குரல் எழுப்பும் வயதினர் அதற்குள் செல்பேசிக்குப் போய்விட்டார்கள். 2006ஐ ஒட்டி நாட்டில் சுமார் 5 கோடியாக இருந்த தரைவழி இணைப்புகள் 2020இல் ஏறத்தாழ 2 கோடியாகச் சுருங்கின. மிஞ்சிய வீடுகளில் யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்தால் விடை கிடைக்கும். மகன் ஒரு கண்டத்தில், மகள் இன்னொரு கண்டத்தில். உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு நீண்ட வீட்டில் இரண்டு முதியவர்கள். அந்த வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கிணற்றடி என்று ஒரே கோட்டில் நீண்டுகொண்டே போகும். தொலைபேசி கூடத்தில். கிணற்றடியில் இருக்கும் எழுபது வயது மாமி ஈரக்காலோடு படி ஏறி, முற்றத்தைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் மணி நின்றுவிடும். யார் அழைத்தது? பேத்தியா, மருந்துக்கடையா, தவறான எண்ணா? எண் தெரிந்தால் திரும்ப அழைக்கலாம். தெரியாவிட்டால் இன்று முழுவதும் கூடத்தை விட்டு நகர முடியாது. ‘கூடுதல் வசதி’ என்று கட்டண அட்டவணையில் அச்சிட்டவர்கள் இந்த நடையை ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி நம் கதைகளில்கூடப் போதிய அளவு எழுதப்படவில்லை. ‘பிளாங்க் கால்’. மணி அடிக்கும், எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். அல்லது மூச்சைவிட மோசமான ஏதாவது. தொண்ணூறுகளில் திருச்சியின் எந்த நடுத்தர வர்க்க வீட்டிலும் இதன் முதல் பலி அந்த வீட்டின் பெண்தான். கல்லூரிக்குப் போகிறவளாக இருந்தால் அப்பாவின் பார்வை அவள்மேல் திரும்பும். அண்ணன் எடுத்தால் வைத்துவிடுகிறான், நீ எடுத்தால் மட்டும் ஏன் வைக்கவில்லை என்று விசாரணை நடக்கும். அழைத்தவன் எவனோ ஒரு பொறுக்கி. அவனுடைய எண் இணைப்பகத்துக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு மட்டும் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமானால் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். எந்த அப்பா கொடுப்பார்? மாலை வகுப்பும் தட்டச்சு வகுப்பும் நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.

ஆகவே, பெயரற்ற மணியோசையின் மர்மத்தை இழந்துவிட்டோம் என்று ஏக்கக் கட்டுரை எழுதும் இலக்கிய நண்பர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மணி அடித்தவுடன் ‘யாராக இருக்கும்?’ என்று நெஞ்சு துடித்ததாம். துடித்தது ஆணின் நெஞ்சு. பெண்ணின் நெஞ்சு துடித்த காரணம் வேறு. அகாலத்தில் மணி அடித்தால் துக்கச் செய்தியோ என்று எழுந்து உட்கார்ந்த முதியவர்களுக்கும் அதில் கவித்துவம் ஏதும் தட்டுப்பட்டிருக்காது.

மதிக்கத்தக்க எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அழைப்பவருக்கும் அந்தரங்கம் உண்டு என்பது. 1980களின் இறுதியில் நியூ ஜெர்சியில் இந்தச் சேவை அறிமுகமானபோது அமெரிக்காவில் இதே விவாதம் எழுந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் நீதிமன்றம் 1990இல் இச்சேவை சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தது, மாநில உச்ச நீதிமன்றமும் 1992இல் அதை உறுதிசெய்தது. அடிபட்ட பெண் ஒருத்தி ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து வீட்டிலுள்ள குழந்தையிடம் பேச வேண்டுமென்றால் அவள் எண் தெரியக் கூடாது. நியாயம். ஆனால் நம் நாட்டில் எண்ணை மறைத்துக்கொள்ளும் ஏற்பாடு யாருக்குக் கிடைக்கிறது? அந்தப் பெண்ணுக்கு அல்ல. உயர்பதவியினருக்கும் விசேஷ அனுமதி பெற்றவர்களுக்கும். மேலே இருப்பவர் மறைந்துகொள்ளலாம். கீழே இருப்பவர் பார்க்கக் காசு கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அந்தரங்கம் என்று பெயர் வைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அவமானம்.

இன்று தனிக்கட்டணம் பெரும்பாலான திட்டங்களில் இல்லையே, பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். கதை பழையதாகிவிடவில்லை. எண்ணோடு, பதிவான பெயரையும் காட்டும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. 2025இல், சந்தாதாரர் கேட்காமலே அது கிடைக்கட்டும் என்றும் முடிவாயிற்று. எங்கிருந்து தொடக்கம்? 4ஜி, 5ஜி கைப்பேசிகளிலிருந்து. செப்புக்கம்பியின் நுனியில் இருக்கும் மாமி மறுபடியும் வரிசையின் கடைசியில். கம்பியில் பெயர் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் இரண்டு மணிகளுக்கு நடுவே எண்ணோடு பெயரையும் அனுப்பும் முறை அமெரிக்காவில் 1990களிலேயே சாதாரண வீட்டுத் தொலைபேசிகளில் புழங்கியது. பெயருக்கு அதில் 15 எழுத்துகள் இடம். (ஸ்ரீரங்கத்தில் அதனால் என்ன பயன் என்று ஒரு நண்பர் கேட்டார், ‘ரங்கராஜன்’ என்று வந்தால் எந்த வீதி ரங்கராஜன் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். புனைபெயரால் உலகறிந்த ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் ஒருவர்கூட, பெட்டியில் வெறும் ரங்கராஜனாகத்தான் தெரிந்திருப்பார்.)

எண்ணும் பொய் சொல்லக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. வெளிநாட்டு அழைப்பு கள்ளவழியில் நுழைந்து உள்ளூர் எண்ணாகக் காட்சி தருவது தொலைபேசிக்காரர்களுக்குப் பழைய வித்தை. ‘டிஜிட்டல் கைது’ என்று முதியவர்களை மிரட்டிச் சேமிப்பைக் கறக்கிறவர்கள் அதே வித்தையில் தேறியவர்கள். இந்திய எண்போல வேடமிட்டு வரும் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அப்படியானால், காட்டப்படும் எண்ணுக்குப் பொறுப்பேற்பது தன் கடமை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தக் கடமை கைப்பேசித் திரையோடு முடிந்துவிடுமா?

0431 பகுதியில் இன்னும் செப்புக்கம்பி இணைப்பு வைத்திருக்கும் முதியவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யலாம். பல இடங்களில் எண் காட்டும் ஏற்பாடு கேட்டால்தான் இயக்கப்படுகிறது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். திரையுள்ள தொலைபேசி வாங்கும்போது மேலே சொன்ன இரண்டு முறைகளையும் அது ஏற்குமா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் ஏற்கும் கருவி சில இணைப்பகங்களோடு பேசாது. பேட்டரியில் ஓடும் பெட்டியாக இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதை மாற்றிவிட்டுப் போங்கள். விண்ணப்பத்தின் கீழே, பெயர் காட்டும் சேவை தரைவழிக்கு எப்போது வரும் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டு வையுங்கள்.