பழைய கணினியைப் புதியதனுட் குடியேற்றல்

விழாக்காலத்திலே கல்லூரிக்குப் புதிய பொருளொன்றை வழங்குதல் பழைய மாணவர்க்குரிய நன்மரபு. எமது விழாச் சபையாரும் அம்மரபு வழுவாது, கணினிக் கூடத்துக்குப் புதிய பொறிகள் வாங்குவதெனத் தீர்மானித்துள்ளனர். அதனை மனமார வரவேற்கின்றேன். ஆயின், அத்தீர்மானத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றொன்று, களஞ்சிய அறையிற் கிடக்கும் பழைய கணினிகளை விழாவுக்கு முன்னரே அப்புறப்படுத்தல் வேண்டும் என்பது, எனக்கு உடன்பாடன்று. கூட்டத்திலே சொல்லியும் எடுபடாத சில செய்திகளை இம்மலரின் வாயிலாகச் சொல்லத் துணிகின்றேன்.

அவ்வறையிலே நான்கு கணினிகள் இருக்கின்றன. உப்புக்காற்றில் அவற்றின் தகரக் கூடுகள் துருவேறிவிட்டன. ஒன்றினுள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது. பார்ப்பவர்க்கு அவை பழைய இரும்புக்காரனுக்கு உரியனவே. எனினும், 1999ஆம் ஆண்டளவில் எம் சங்கத்தார் தொகுத்த பழைய மாணவர் பதிவேடு அவற்றுள் ஒன்றின் வன்தட்டிலேதான் உள்ளது. தாளிலே எழுதிய மூலப்பிரதி கல்லடியில் ஓர் அங்கத்தவர் வீட்டில் இருந்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி அவ்வீட்டோடு அதனையும் கடல் கொண்டுபோயிற்று. கல்லூரியின் சேர்வு இடாப்பைப் பார்த்தாலென்ன என வினவுவோர்க்கு விடை: 1978 நவெம்பர் சூறாவளியிலே கூரை பறந்த இரவோடு அதன் முற்பகுதி கரைந்துவிட்டது. ஆகவே, யுத்த காலத்தில் ஊர்விட்டும் நாடுவிட்டும் போனோரும் இன்று உயிரோடு இல்லாதோருமாகிய எம் தோழர் பலர், பெயரும் ஊரும் தந்தையார் பெயருமாக ஒருசேர நிற்கும் இடம் அவ்வன்தட்டு ஒன்றே. அடுத்த கணினியிலே முந்திய விழாமலரின் பக்கங்கள் பேஜ்மேக்கரிலே, பாமினி எழுத்துருவிலே கிடக்கின்றன.

கூட்டத்திலே மூவகைக் கருத்து எழுந்தது. வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியிற் பூட்டிப் பிரதிசெய்தால் முடிந்தது என்றார் ஒருவர். பிரதி எடுக்கலாம், படிக்க இயலாது. பதிவேட்டை ஆளும் செயலி பொக்ஸ்புரோவில் எழுதப்பட்ட டொஸ் காலத்துச் செயலி. இன்றைய 64 பிட் விண்டோஸ் அத்தகைய செயலியை ஏறெடுத்தும் பாராது. அட்டவணைக் கோப்புகளை மட்டும் திறக்கவல்ல செயலிகள் இன்றும் உள. ஆனால் அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் நிரல் ஓடாவிடின், பெயர் ஓரிடமும் ஊர் வேறோரிடமுமாக வெறும் குறியீட்டெண்களே எஞ்சும். பாமினிக் கோப்பின் கதி அதனினும் வேடிக்கையானது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ என நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

மற்றொருவர் அக்கணினிகளையே பழுதுபார்த்து வைத்திருப்போம் என்றார். நல்லெண்ணந்தான், இருபத்தைந்து ஆண்டு சுழன்ற வன்தட்டு இன்னும் எத்தனை முறை சுழலும் என்பதை எவர் அறிவார்? மூன்றாமவர் கூறியது வழி. பழைய வன்தட்டின் முழு உருவையும் ஒரு கோப்பாக எடுத்து, அதனைப் புதிய கணினியினுள்ளே ஒரு மெய்நிகர்ப் பொறியாக ஓடவிடலாம் என்றார் அவர். அவர் எம் எல்லோரினும் இளையவர்; அதனாலேயே அவர் சொல் எடுபடவில்லை போலும். அவரோடு கூடி நான்கு வாரம் உழைத்தபின் எழுதுகின்றேன்.

மெய்நிகர்ப் பொறி என்பது புதுமையானதன்று. ஐபிஎம் நிறுவனத்தார் 1967இலேயே பெருங்கணினி ஒன்றைப் பல கணினிகள்போல நடிக்கச் செய்தனர். 1974இலே பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் அதற்கு இலக்கணம் வகுத்தனர். மேசைக் கணினிக்கு அது 1999இல் விஎம்வேர் வாயிலாக வந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல்லும் ஏஎம்டியும் தத்தம் முறைவழியாக்கிகளிலேயே அதற்கு இடம் வகுத்தன. இன்று வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற செயலியை எவரும் விலையின்றிப் பெறலாம்.

எம் பக்கத்தார்க்கு இதனை விளக்க ஓர் உவமை போதும். மண்முனைத் துறையிலே 2014இற் பாலம் திறக்கப்படுமுன், எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகும் வண்டி 'பாதை'யில் ஏறியே வாவியைக் கடந்தது. வண்டியின் சில்லுக்கு நீர் தெரியாது. அதற்குத் தெரிந்தது பாதையின் பலகை மட்டுமே. மெய்நிகர்ப் பொறியுள் ஏறிய இயங்குதளமும் அத்தகையது. அதனை 'விருந்தினர்' என்றும், அதனைத் தாங்கும் கணினியை 'விருந்தோம்பி' என்றும் வழங்குவர். விருந்தினர் காண்பது உண்மையான வன்பொருளையன்று, நாம் அதற்கு விரித்துக் காட்டும் பலகையையே. ஆகவே வண்டி நின்றுவிடின் வண்டியைக் குறைகூறுமுன் பலகையை நோக்கல் வேண்டும். யான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதுவே. பழைய இயங்குதளம் ஓடவில்லை எனக் கைவிட்டோரிற் பெரும்பாலார், அதற்குப் பொருந்தா வன்பொருளைத் தாமே தெரிந்து கொடுத்துவிட்டு அதன்மேற் பழி போட்டவராவர்.

எமக்கு நேர்ந்ததைச் சொல்கின்றேன். பதிவேடு இருந்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி பிற்காலத்தில் நிறுவப்பட்டிருந்தது. வன்தட்டின் உருவை எடுத்துப் பூட்டியதும் நீலத்திரை தோன்றி, இறுதியில் 7பி என முடியும் பிழையெண்ணைக் காட்டிற்று. வன்தட்டு பழுது என்றே முதலில் நினைத்தோம். இரண்டு நாள் அதிலே கழிந்தது. உண்மை வேறு. மெய்நிகர்ப் பொறியை அமைக்கும்போது வன்தட்டை இக்கால 'சாட்டா' கட்டுப்படுத்தியில் இணைத்திருந்தோம். எக்ஸ்பி 2001இற் பிறந்தது; அக்கட்டுப்படுத்தியைச் செலுத்தும் மென்பொருள், மாணவர் வழக்கிலே 'டிரைவர்' எனப்படுவது, அதனிடம் இல்லை. பாதி வழி எழுந்த இயங்குதளம் தன் வன்தட்டையே காணாது திகைத்து நின்றது. கட்டுப்படுத்தியைப் பழைய 'ஐடிஈ' வகைக்கு, அதிலும் பிக்ஸ்4 என்னும் உருவுக்கு மாற்றினோம்; எழுந்துவிட்டது. வேறொரு தாய்ப்பலகையிலிருந்து வந்த உருவாயின் இந்த மாற்றத்தோடு மட்டும் தீராது, பதிவகத்திலும் திருத்தம் வேண்டிவரலாம். எமக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை.

பின்னர் ஒலியில்லை, வலையில்லை. இவையும் அதே கதையே. எக்ஸ்பிக்குப் புதிய உயர்தர ஒலி அட்டையைக் காட்டினால் அது விழிக்கும். ஏசி97 வகையைக் காட்டினாற் செலுத்தியைத் தந்து பழக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 98 ஆயின் சவுண்ட்பிளாஸ்டர் 16 வேண்டும். வலை அட்டைக்கும் இவ்வாறே: பிசிநெட் என்னும் பழைய அட்டையை எக்ஸ்பி உடனே அறியும், விஸ்தாவுக்குப் பிந்தியவையோ அதனை அறியமாட்டா, இன்டெல்லின் புரோ 1000 கேட்கும். ஒவ்வொரு விருந்தினரும் தாம் பிறந்த காலத்துப் பாத்திரத்திலேயே உண்பர். புதியதே சிறந்தது எனக் கருதி யாவற்றையும் உயர்ந்ததாகத் தெரிவுசெய்யும் பழக்கம் இங்கே வினையாகும்.

நினைவகத்திலும் தாராளம் உதவாது. விண்டோஸ் 98க்கு 512 மெகாபைற்றுக்கு மேற் கொடுத்தால், நினைவகம் போதாது என்று அது முறையிடும்! இவ்வேடிக்கையை யான் முதலில் நம்பவில்லை. விண்டோஸ் 95 இதனினும் ஒரு படி மேல்: 350 மெகாஹேர்ட்சும் அதற்கு மேலும் வேகங் கொண்ட ஏஎம்டி கே6-2 முறைவழியாக்கியில் அது எழும்போதே வீழ்ந்தது. காலத்தை அளக்கும் ஒரு சுற்று எதிர்பார்த்ததினும் விரைவில் முடிந்துவிட, பூச்சியத்தாற் பிரிக்க நேர்ந்ததே காரணம். பொறி பழுதாகி நிற்பதுண்டு; விரைந்தமையால் நிற்பதும் உண்டு.

இவையெல்லாம் விருந்தினர் பக்கத்துக் குறைகள். விருந்தோம்பியிடமும் குறையுண்டு. எம் நண்பர் ஒருவரின் கணினியில் 64 பிட் விருந்தினரை அமைக்கும் தெரிவே காணப்படவில்லை. கணினி வலுக்குறைந்தது என எண்ணிப் புதிது வாங்கப் புறப்பட்டுவிட்டார். கணினி எழும்போது தோன்றும் அமைப்புப் பக்கத்தில் மெய்நிகராக்க வசதி அடைக்கப்பட்டிருந்தது. அதனைத் திறந்தவுடன் எல்லாம் சரியாயிற்று. செலவு ஒரு சதமுமில்லை. வேறொரு கணினியிலே எல்லாம் ஓடியும் மந்தமாக ஓடிற்று. சாளரத்தின் கீழ் மூலையிலே பச்சை நிற ஆமையொன்று தோன்றிற்று. விண்டோஸ் தன் சொந்த மெய்நிகராக்கியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்க, வேர்ச்சுவல்பொக்ஸ் அதன் முதுகில் ஏறிச் செல்கின்றது என்பதற்கு அந்த ஆமை அடையாளம். பாதுகாப்புக்காக இயங்கும் நினைவக ஒருமைப்பாடு முதலிய வசதிகள் இதற்குக் காரணமாகலாம். ஆமையைப் போக்க அவற்றை நிறுத்துவதா, பாதுகாப்புக்காக ஆமையைப் பொறுப்பதா என்பது அவரவர் முடிவு. பதிவேடு பார்க்க ஆமை வேகமே போதும் என்பது என் எண்ணம்.

இனி, வெளியிலிருந்து பூட்டும் சாதனங்கள். சங்கத்தின் பழைய வருடிக்குப் புதிய விண்டோஸில் இயங்கும் செலுத்தியை அதன் தயாரிப்பாளர் வெளியிடவில்லை. அதனாலே அதுவும் தூக்கியெறியும் பட்டியலிற் சேர்ந்திருந்தது. யூஎஸ்பி வடம் வழியே அதனை எக்ஸ்பி விருந்தினர்க்கு ஒப்படைத்தோம், மறுபடி உயிர்பெற்றது. லினக்ஸ் விருந்தோம்பியில் இதனைச் செய்வோர் தம் பெயரை வேர்ச்சுவல்பொக்ஸின் யூஎஸ்பிப் பயனர் குழுவிற் சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடின் சாதனப் பட்டியல் வெறுமையாகவே இருக்கும். அரைநாளை விழுங்கிய வெறுமை அது. ஒரே சாதனத்தை இருவரும் ஒருங்கே ஆளவியலாது என்பதையும் நினைவிற் கொள்க.

எல்லாம் இயலும் என்று சொல்லேன். தாய்ப்பலகையிற் செருகும் தனி அட்டையோடு வந்த சாதனங்களை வீட்டுக் கணினியிலே மெய்நிகர்ப் பொறிக்குக் கடத்துதல் பெரும்பாலும் கைகூடாது. எக்ஸ்பி தன் வன்பொருள் மாறியதை உணர்ந்து மறுபடியும் அனுமதி கேட்கும். கணினியோடு சேர்த்து விற்ற உரிமம் அக்கணினிக்கே உரியது என்பதும் ஒரு சிக்கல். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்தல் அறிவுடைமையாகாது. எம்முடையதன் வலை அட்டையைச் சோதித்து முடிந்ததும் கழற்றிவிட்டோம்.

இவ்வேலையிலே ஈடுபட்டிருந்த இரவுகளில் விபுலாநந்த அடிகளாரின் நினைவு அடிக்கடி வந்தது. பௌதிக விஞ்ஞானம் பயின்ற அடிகள், எவர் கையிலும் இல்லாதொழிந்த யாழைப் பழைய நூல்களின் அளவுகளிலிருந்து கணக்கிட்டு ஆராய்ந்து யாழ் நூலை ஆக்கினார். 1947 யூனிலே திருக்கொள்ளம்பூதூரில் அஃது அரங்கேறிற்று. மரம் அழிந்தது, அளவு எஞ்சியது, அளவிலிருந்து கருவி. காரைதீவிற் பிறந்த அப்பெரியார் செய்த அரும்பணியோடு எம் சிறுமுயற்சியை ஒப்பிடுதல் தகாது என்பதை அறிவேன். நினைவு வந்தது என்றே சொன்னேன்.

இஃது எம் களஞ்சிய அறையோடு நிற்கும் செய்தியுமன்று. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 பாதுகாப்புச் சில்லும் புதிய முறைவழியாக்கியும் கேட்கின்றது. ஆகவே, பழுதேதுமின்றி ஓடும் கணினிகளும் பாடசாலைகளிலிருந்து வெளியேற்றப்படும் நிலை. மெய்நிகர்ப் பொறியிலே பாதுகாப்புச் சில்லைப் பொய்யாகக் காட்டலாம். வேர்ச்சுவல்பொக்ஸ் 2022இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அதற்கு இடந்தருகின்றது. முறைவழியாக்கியோ வழக்கமாக உள்ளபடியே தெரியும். யான் சொல்வது இதன் மறுதலை: அக்கணினிகளில் லினக்ஸை நிறுவி, விண்டோஸிலன்றி ஓடாத ஒன்றிரண்டு செயலிகளுக்கு மட்டும் உள்ளே ஒரு விண்டோஸை இருத்தலாம். எட்டு கிகாபைற்று நினைவகம் உள்ள பொறிக்கு இது சுமையன்று. நான்கு உள்ளவற்றிலே முயன்று பார்த்தேன், பொறுமையைச் சோதிக்கும்.

பழைய மாணவர் திரட்டும் பணத்திலே ஒரு பொறியேனும் குறைத்து வாங்குக. அப்பணத்தை வெளிவன்தட்டுக்களுக்கும், உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் இவ்வேலையைக் கற்பதற்கும் ஒதுக்குக என விழாச் சபையாரைக் கேட்கின்றேன். மெய்நிகர்ப் பொறியிலே மாணவன் எதனையும் கெடுத்துப் பார்க்கலாம். முன்னரே எடுத்துவைத்த நிலைக்கு ஒரு சொடுக்கில் மீளலாம். கட்டுப்படுத்தியை மாற்றினால் என்ன நேரும் என்பதை உண்மையான கணினியிலே சோதிக்க எந்த ஆசிரியர் அனுமதிப்பார்? பாடநூல் 'பணிசெயல் முறைமை', 'சாதனச் செலுத்தி' எனச் சொற்களைத் தருகின்றது. செலுத்தி இல்லாதபோது நேர்வது யாது என்பதை நீலத்திரையே கற்பிக்கும்.

பதிவேடு திறந்துவிட்டது. முதலில் என் வகுப்பைத் தேடினேன். ஒருவர் தந்தையார் பெயர் பிழையாக உள்ளது, மற்றபடி எல்லோரும் இருக்கின்றனர். மற்றைய மூன்று கணினிகளில் இரண்டின் வன்தட்டு உருக்களை எடுத்துவிட்டோம். ஒன்று சுழல மறுக்கின்றது. அதிலேதான் முந்திய மலரின் பக்கங்கள் உள. அவற்றின் பிரதி நெகிழ்தட்டிலோ இறுவட்டிலோ எம்மவர் எவரிடமேனும் இருக்கக்கூடும். அத்தோடு பேஜ்மேக்கர் 6.5 பதிப்பின் நிறுவல் இறுவட்டும் உரிமத்தோடு தேவைப்படுகின்றது. வைத்திருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒப்படைப்பாராக. களஞ்சிய அறை துப்புரவு செய்யப்படும் நாள் விழாவுக்கு முந்திய சனிக்கிழமை என்று அறிகின்றேன்.