சொந்த நாற்காலியைக் கொடுத்தவர்!

கோபாலபுரத்திலிருந்து மெரினா பக்கம் போகிறவர்கள், மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சாமிநாதையர் சிலையைப் பார்த்திருக்கலாம். அந்தத் தமிழ்த் தாத்தாவுக்குக் கல்லூரி வேலை கிடைத்தது ஒரு சிபாரிசால்தான்!

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். உ.வே.சா.வும் அதே ஆசிரியரிடம் படித்தவர்தான். செட்டியாருக்கு வெகு இளையவர். செட்டியார் வேலையிலிருந்து விலகும் நேரம் வந்தது. தன் இடத்துக்கு அவர் சொன்ன பெயர், சாமிநாதையர்.

அப்போது உ.வே.சா. திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தார். பி.ஏ., எம்.ஏ. பட்டம் எதுவும் கிடையாது. அவரை அனுப்ப ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகருக்கு மனமில்லை. செட்டியாரே நேரில் போய்ப் பேசி, சம்மதம் வாங்கினார். கல்லூரி முதல்வர் கோபால ராவிடமும் எடுத்துச் சொன்னார். சொன்னதோடு விட்டுவிடவில்லை. உ.வே.சா. பாடம் நடத்துவதை மற்றவர்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழி செய்தார்.

1880 பிப்ரவரி 16-ல் உ.வே.சா. வேலையில் சேர்ந்தார். 25 வயது நிறைய இன்னும் மூன்றே நாள். சம்பளம் மாதம் 50 ரூபாய்.

கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே.சா. சந்தித்தார். 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்விதான் அவரைப் பழைய ஏடுகளின் பக்கம் திருப்பியது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என வரிசையாக வந்தன. அன்று செட்டியார் வேறு யார் பெயரையாவது சொல்லியிருந்தால்?

இன்று ஆபீஸில் யாராவது 'ஒரு ரெஃபரன்ஸ் கொடுங்களேன்' என்றால், 'நமக்கெதுக்கு வம்பு' என்று நழுவுபவர்கள் அதிகம். சொன்ன ஆள் சரியில்லை என்றால் கெடுவது நம் பெயர்தானே என்ற பயம். செட்டியார் அந்தப் பொறுப்பைத் துணிந்து ஏற்றார். காரணம், இளையவரின் படிப்பு எவ்வளவு ஆழம் என்பது அவருக்குத் தெரியும்.

1903-ல் உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டின் பெயர் 'தியாகராச விலாசம்'. வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர்!

அந்த வீடு 2012-ல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த நன்றி மட்டும் இன்னும் பேசப்படுகிறது.