அச்சாரம் போடும் ஆர்மிக்காரர்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஓ.எல்.எக்ஸ் விளம்பரங்களைப் புரட்டுவது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. எதையும் வாங்குவதில்லை. ‘ஒரிஜினல் கிர் பசு’ என்று தலைப்பு இருக்கும். படத்தில் ஜெர்சி கலப்பினம் நிற்கும். எத்தனையாவது ஈத்து, எத்தனை பல் என்ற பேச்சே கிடையாது. ‘கண்டிஷன் சூப்பர்’, அவ்வளவுதான். மாட்டுக்கு!

ஆலங்குடி பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘ஆடுகள் விற்க விளம்பரம் போட்டேன். ஆர்மியில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், விலையே குறைக்காமல், அச்சாரம் போட க்யூ.ஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்கிறார். செய்யலாமா?’

கூடவே கூடாது. நமக்குப் பணம் வர ஸ்கேனும் வேண்டாம், யு.பி.ஐ ரகசிய எண்ணும் வேண்டாம். அந்த எண்ணை அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். பல்லைப் பார்க்காமல், தூக்கி எடை பார்க்காமல், சொன்ன விலைக்குத் தலையாட்டுகிற வியாபாரியைப் புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் பார்த்ததுண்டா? பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் போடுங்கள். பணப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிப் போய்விடும்.