குரூஸ் கட்டணத்துக்குள் என்ன இருக்கிறது?

கோடை விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு கப்பல் மிதந்து வரத் தொடங்கும். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், மூலையில் ஒரு விலை. "போகலாமா?" என்று சித்தப்பா கேட்பார். பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். எந்த நிறுவனத்தின் கப்பல் என்ற அடுத்த கேள்வியில் பேச்சு நின்றுவிடும்.

விமானப் பயணத்தில் இந்தக் கேள்வி அவ்வளவு கனமானதல்ல. எந்த நிறுவனமானாலும் சென்னையில் ஏறி சிங்கப்பூரில் இறங்கப் போகிறோம். நடுவில் கழியும் நான்கு மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். குரூஸ் அப்படியல்ல. பெரும்பாலான குரூஸ்கள் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வருகின்றன. அங்கே விற்கப்படுவது நடுவில் கழியும் அந்த நேரம்தான். அதனால் விளம்பரத்தில் உள்ள விலையை அப்படியே இன்னொரு விலையோடு வைத்து ஒப்பிட முடியாது. அந்த விலை எதனால் ஆனது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் 'ஒருவருக்கு' என்று போட்டிருக்கும். இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு என்பது அதன் பொருள். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணத்தைத் தர வேண்டியிருக்கும். அறையில் மூன்றாவது, நான்காவது படுக்கை இருந்தால் அதில் படுக்கும் பிள்ளைக்குக் கட்டணம் குறையும். விளம்பர விலை வழக்கமாக உள்ளறைக்கு உரியது. உள்ளறை என்றால் ஜன்னலே இல்லாத அறை. அதற்கு மேல் ஜன்னல் உள்ள அறை, பால்கனி அறை, சூட் என்று படிகள் உண்டு. துறைமுகக் கட்டணமும் வரியும் சில விளம்பரங்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் சேர்ந்திருக்காது.

அடுத்தது டிப்ஸ். நம் ஊர் ஹோட்டலில் மனம் இருந்தால் கொடுப்பது போன்றதல்ல இது. அமெரிக்கப் பாணியில் நடக்கும் பெரிய நிறுவனங்கள் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கில் தாமாகவே ஏற்றிவிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் இது சாதாரண அறைகளுக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு இரவு போனால், 18 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், 288 டாலர் ஆகிறது. டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் விலை முதல் பார்வைக்கு அதிகமாகத் தெரியும்.

கட்டணத்தில் எப்போதும் அடங்குவது அறை, பெரிய உணவுக்கூடத்திலும் பஃபேயிலும் சாப்பாடு, அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிகள், நீச்சல் குளம். பெரும்பாலும் அடங்காதவை மது, குளிர்பானம், வைஃபை, தனிக் கட்டண உணவகங்கள், ஸ்பா, கரையில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு. கப்பலில் கையில் பணம் புழங்காது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையைக் காட்டினால் போதும், கணக்கு கடைசி இரவில் வரும்.

கட்டணம் ஏன் சில நேரம் நம்ப முடியாத அளவு இறங்குகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பெரிய குரூஸ் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பயணி கப்பலுக்குள் செய்யும் செலவிலிருந்து வருகிறது. காலியான அறை மது வாங்காது, காசினோவுக்குப் போகாது, புகைப்படம் எடுத்துக்கொள்ளாது. அறையைக் காலியாக விடுவதைவிட விலையைக் குறைத்து ஆளை ஏற்றுவது அவர்களுக்கு லாபம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்த மூன்றில் ஒரு பங்கில் நம் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே யோசித்தால் போதும். மது அருந்தாத, சூதாடாத, வைஃபை இல்லாமல் நான்கு நாள் இருக்கக்கூடிய ஒரு குடும்பத்துக்கு குரூஸ் உண்மையிலேயே மலிவான விடுமுறையாக அமையலாம். பிள்ளைகள் வைஃபை இல்லாமல் இருப்பார்களா என்பது அந்தந்த வீட்டுக் கணக்கு.

இனி நிறுவனங்களைப் பார்ப்போம். பெயர்கள் பல, உரிமையாளர்கள் சிலர். கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, குனார்ட் எல்லாம் கார்னிவல் கார்ப்பரேஷன் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ ஆகியவை ராயல் கரீபியன் குழுமத்துடையவை. நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜன்ட் மூன்றும் இன்னொரு குழுமம். ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.சி. ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஒரே முதலாளி எதற்காக இத்தனை பெயர்களை வைத்திருக்கிறார்? பயணிகளைப் பிரித்து வைப்பதற்காக. சறுக்குமரமும் சத்தமும் வேண்டும் குடும்பங்கள் ஒரு பெயரின் கீழ் வருகின்றன. புத்தகமும் அமைதியும் வேண்டும் ஓய்வுபெற்றவர்கள் இன்னொரு பெயரின் கீழ் வருகிறார்கள். நிறுவனத்தின் பெயர் நமக்குச் சொல்வது தரத்தைவிட அதிகமாக, உடன் வரப்போகும் கூட்டத்தைப் பற்றித்தான்.

தரத்தைச் சொல்வது கப்பல். கப்பலின் அளவைக் குறிக்க 'கிராஸ் டன்னேஜ்' என்ற எண் உண்டு. டன் என்று வருவதால் இதை எடை என்று நினைத்துவிடுவோம். இது எடையல்ல. கப்பலின் மூடிய பகுதிகளுக்குள் இருக்கும் மொத்த இடத்தைக் கொண்டு கணக்கிடப்படும் எண். இந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். இதை இட விகிதம் என்று சொல்லலாம்.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் கிராஸ் டன்னேஜ் 2,48,663. நீளம் 365 மீட்டர். அறைக்கு இருவர் என்று எடுத்தால் 5,610 பயணிகள். இட விகிதம் 44 வருகிறது. ஆனால் பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பி, அதிகபட்சமான 7,600 பேரும் ஏறினால் அதே விகிதம் 33 ஆக இறங்குகிறது. கப்பல் மாறவில்லை, கட்டணம் ஒருவேளை ஏறியும் இருக்கும். பஃபே வரிசையின் நீளம் மாறிவிடுகிறது.

நமக்குப் பக்கத்தில் உள்ள கப்பலைப் பார்ப்போம். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்', 1990-ல் பிரான்சில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டது. கிராஸ் டன்னேஜ் சுமார் 48,500, இட விகிதம் 30-ஐ ஒட்டி வரும். பால்கனி என்பது எல்லோரும் கேட்கும் பொருளாக ஆவதற்கு முன் கட்டிய கப்பல் என்பதால் அதில் பால்கனி அறைகள் குறைவு. சில்வர்சீ நிறுவனத்தின் 'சில்வர் நோவா' இதைவிடச் சற்றே பெரியதுதான். கிராஸ் டன்னேஜ் 54,700. ஆனால் அது ஏற்றிக்கொள்வது 728 பேரைத்தான். இட விகிதம் 75. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு கப்பல்களின் கட்டணம் ஏன் பல மடங்கு வேறுபடுகிறது என்பதற்குப் பாதி விடை இந்த ஒரு வகுத்தலில் கிடைத்துவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி போதும். இந்தியாவிலிருந்து கிளம்பும் கப்பலில் சைவமும் ஜைன உணவும் வழக்கமான ஏற்பாடு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களிலும் இந்தியப் பயணிகள் நிறைய ஏறுவதால் சைவ இந்திய உணவு கிடைக்கும். ஐரோப்பாவிலோ அலாஸ்காவிலோ முன்பதிவின்போதே சொல்லிவைப்பது நல்லது. தயிர் சாதம் கிடைக்குமா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நான்கு நாள் விடுமுறையில் பன்னிரண்டு வேளைச் சாப்பாடு இருக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது துறைமுகங்களின் பெயரை. அட்டவணையில் 'கோலாலம்பூர்' என்று இருக்கும். கோலாலம்பூரில் கடல் இல்லை. கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகரத்துக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 'ரோம்' என்றால் 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சிவிடவெக்கியா. 'பாங்காக்' என்றால் 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள லாம் சபாங். 'பாரிஸ்' என்றால் லே ஹாவ்ரே, சுமார் 200 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குக் கப்பல் நின்று மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது என்றால், ஐந்து, ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். போகவர ஐந்து மணி நேரம் பேருந்தில் போனால், ஈஃபிள் கோபுரத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறானது பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாவும் மகா மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம்தான். கப்பல் கரையில் கட்டப்படுமா, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆளை இறக்குமா என்பதையும் கேட்க வேண்டும். புகெட்டில் பெரும்பாலும் படகுதான். படகு வரிசையில் ஒரு மணி நேரம் போய்விடலாம், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமமாகவும் இருக்கும்.

அட்டவணையில் உள்ள துறைமுகம் உறுதியான வாக்குறுதியும் அல்ல. பயண ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகள், வானிலையாலோ வேறு காரணத்தாலோ துறைமுகத்தை மாற்றவும் தவிர்க்கவும் நிறுவனத்துக்கு உரிமை தருகின்றன. அப்படித் தவிர்த்தால் பொதுவாகத் திரும்பி வருவது அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே. 2022-ல் எம்ப்ரஸ் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் வழியாகப் புதுச்சேரிக்கு வந்தபோது, கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து அனுமதி மறுக்கப்பட்டது. கப்பலில் உள்ள காசினோ கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தாண்டிய பிறகே திறக்கும். ஆனாலும் அந்தக் கப்பலை வரவிடுவதா என்று முடிவு செய்வது கரையில் இருப்பவர்கள்தான். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்று வந்தது.

இரண்டு முறையும் ஜூன் மாதம் என்பது தற்செயல் அல்ல. குரூஸ் கப்பல் பருவத்தைத் துரத்திப் போகும் பறவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது மும்பை, கோவா, லட்சத்தீவுப் பயணங்கள் நிற்கின்றன, கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் புயல் எழும் நேரத்தில் மேற்கே திரும்பிவிடுகிறது. உலகம் முழுதும் இதே கதை. கோடையில் அலாஸ்காவிலும் மத்தியதரைக் கடலிலும் இருக்கும் கப்பல்கள் குளிர்காலத்தில் கரீபியனுக்கு இடம் பெயர்கின்றன. அப்படி இடம் பெயரும் பயணங்களிலும் ஆள் ஏற்றுவார்கள். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம், ஒரு நாளுக்கான கட்டணம் குறைவு. கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது தண்டனை.

விசாவில் ஒரு பொறி உண்டு. பார்சிலோனாவில் ஏறி துருக்கியைத் தொட்டுத் திரும்பி வந்தால், ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைந்ததாக அர்த்தம். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்புவதற்கும் இதே விதிதான். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அவர் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம். பயணக் காப்பீடு எடுக்கும்போது அது குரூஸுக்கும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். கர்ப்பம் 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று அதற்குச் சில மணி நேரம் முன் ஏறியிருந்த பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று அதன் பிறகுதான் மாற்றினார்கள்.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். என் கருத்தில் அந்தக் கேள்வி வரிசையில் கடைசியாக வர வேண்டியது. முதலில் மாதம், பிறகு துறைமுகங்களும் அங்கே கிடைக்கும் மணி நேரமும், பிறகு கப்பல், பிறகுதான் பெயர். ஏஜென்ட்டிடம் கப்பலின் பெயரைக் கேளுங்கள், அது கட்டப்பட்ட ஆண்டையும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டையும் கேளுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு மூன்று, நான்கு இரவுக்கு மேல் வேண்டாம் என்பேன். மூன்று இரவு என்றால் முழுப் பகல்கள் இரண்டுதான், ஏறுவது மதியம், இறங்குவது காலை. ஆனாலும் கப்பல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். தலைசுற்றல் பயம் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்கலாம். சீசா பலகையின் நடுவில் அமர்ந்தவருக்கு ஆட்டம் குறைவதைப் போன்றதுதான் அது.

இட விகிதம் குறைந்த கப்பல்தான் கைக்கு எட்டுகிறது என்றாலும் கவலை வேண்டாம். ஒரு துறைமுக நாளில், நகரம் தொலைவில் இருக்கிறது என்று தெரிந்தால், எல்லோரும் இறங்கிய பின் கப்பலிலேயே தங்கிப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பஃபேயில் வரிசை இருக்காது. நீச்சல் குளத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள்.